சன்னலில் வைத்த கஞ்சி

எங்கள் தெருவில் யாருக்கும் இரண்டு தலைமுறைக்கு மேல் முன்னோர் பெயர் தெரியாது. அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கும்போது ஐயர் அப்பா பேர், தாத்தா பேர், அதற்கு மேலே ஒரு பேர் என்று கேட்பார். அந்த மூன்றாவது இடத்துக்கு முக்கால்வாசிப் பேர் முனியாண்டி என்று சொல்லிவிடுவார்கள். தப்பாக இருந்தால் அவர் வந்து கேட்கவா போகிறார் என்கிற தைரியம். அப்படிப்பட்ட தெருவில் இந்த வருஷம் மாசி மாதம் எல்லாருக்கும் ஸ்காட்லாந்தில் ஒரு பாட்டன் முளைத்தான்.

காரணம் ஒரு கடிதம். பர்மாவில், க்யிம்யிண்டைங்கில் படகுத்துறைக்கும் சந்தைக்கும் நடுவில் எங்கள் தெரு. தெருக்கோடியில் அம்மன் கோயில். கோயில் செயலாளர் தனசேகரன் கடிதத்தைத் தமிழிலும் பர்மியத்திலும் எழுதிப் பலகையில் ஒட்டியிருந்தார். நியூசிலாந்தில் டனீடன் என்ற ஊரிலிருந்து மோராக் என்கிற ஐம்பத்தைந்து வயது அம்மாள் எழுதியது. அவருடைய தாத்தா ஹ்யூ ரேங்கின், ஸ்காட்லாந்தில் கிரீனாக் என்கிற கப்பல் ஊரில் பிறந்தவர். இங்கே வந்து ஆற்றுக் கப்பல்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் இஞ்சினியராக இருந்திருக்கிறார். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வந்தபோது ஊரோடு சேர்ந்து அவரும் இந்தியாவுக்கு நடந்தார். சண்டை முடிந்ததும் நியூசிலாந்து போய், அங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகுட்டி என்று ஆகிவிட்டார்.

மோராக் அம்மாள் தன் வம்சத்தைத் தேடி கிரீனாக் சர்ச்சுப் பதிவேடுகளில் ஏழு தலைமுறை மேலே ஏறிவிட்டாராம். போதாக்குறைக்குத் தாத்தாவின் பழைய பெட்டியைக் குடைந்ததில் ஒரு போட்டோ கிடைத்தது. சேலை கட்டின ஒரு பெண், மடியில் இரண்டு வயதுக் குழந்தை. பின்னால் தாத்தாவின் கையெழுத்தில் 'என் மகள், கெமெண்டைன், 1940.' வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஊருக்கு அதுதான் பெயர். அந்தக் குழந்தை வழி வந்தவர்கள் யாராவது இன்னும் அங்கே இருந்தால் என்னோடு பேசுங்கள், எங்கள் வம்சப் பட்டியலில் அவள் பெயர் இல்லாமல் இருப்பது சரியில்லை என்று முடித்திருந்தார்.

போட்டோவையும் ஒட்டியிருந்தார்கள். படம் எடுக்கிற நேரம் பார்த்து அந்தப் பெண் தலையைத் திருப்பியிருக்கிறாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை. குழந்தைக்குக் காதுவரை மூடின தொப்பி. ஆகையால் அது யாருடைய பாட்டியாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வீடு பிள்ளைகளை எப்படியாவது வெளிநாட்டுக்கு ஏற்றிவிடப் பார்க்கிற காலம் இது. நியூசிலாந்தில் ஒரு சொந்தம் என்றால் சும்மாவா. ஒரே வாரத்தில் எங்கள் தெருவின் ரத்தம் வெளுக்கத் தொடங்கியது.

என் வீட்டுக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கிற ஸமீராதான் முதலில் கேட்டாள். "என்ன சாந்தாக்கா, நம்ம தெருவுல இத்தன தொரைமாரா இருந்தாங்க? அப்ப துறைமுகத்துல மூட்ட தூக்குனது யாரு?"

நான் சாந்தகுமாரி. முதல் மாடியில் சன்னலோரம் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். துணியில் ஒரு கண், தெருவில் ஒரு கண். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்த முகத்தோடு திரும்பினார்கள் என்பதெல்லாம் மெஷினை நிறுத்தாமலே சொல்வேன். தனசேகரன் அதனால்தான் என்னிடம் வந்தார்.

"அக்கா, எல்லார் வீட்டுக் கதையும் உங்களுக்குத்தான் தெரியும். வர்ற ஆளுகள விசாரிச்சு உருப்படியா ரெண்டு மூணு பேர எழுதிக் குடுங்க. அந்தம்மா வீடியோவுல வந்து பேசுறேன்னு சொல்லுது."

முப்பது வருஷமாக ஒட்டுக்கேட்டதற்கு இப்போது நோட்டும் பேனாவும் கொடுத்து உட்காரவைத்தார்கள். நான் மாட்டேன் என்றா சொல்வேன்.

ரெங்கசாமி வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கரி மாதிரி நிறம். லொன்ஜியை முட்டிக்கு மேலே தூக்கி, "வெயில் படாத எடத்தப் பாரு சாந்தா" என்றார். பார்த்தேன். வெயில் படாத இடமும் வெயில் பட்ட மாதிரியேதான் இருந்தது. இன்னொரு வீட்டம்மாள் பாவாடை கட்டின ஸ்காட்லாந்துச் சிப்பாய் படம் போட்ட பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, பரம்பரைச் சொத்து என்றாள். அடியில் விலைச் சீட்டு கிழியாமல் இருந்தது.

செல்போன் பழுதுபார்க்கிற கணேஷ்குமாரிடம் மட்டும் கொஞ்சம் சரக்கு இருந்தது. அவனுக்குப் பூனைக்கண். அவன் பாட்டிக்கும் அப்படித்தான்.

"பாட்டி எப்ப பொறந்தது?" என்றேன்.

"அது தெரியலயே அத்தை. சண்டைக்கு அப்பறம்னு அப்பா சொல்வாரு."

"சண்டைக்கு அப்பறம்னா உங்க தொரை நியூசிலாந்துல இல்ல இருக்காரு. முப்பத்தெட்டுன்னு சொல்லு. போட்டோவுல ரெண்டு வயசு."

அவன் முப்பத்தெட்டு என்று கையில் பேனாவால் எழுதிக்கொண்டான். இதையும் நான்தான் செய்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல வேண்டியது இதைவிட மோசமானது.

ரத்தச் சொந்தம் பார்க்க எச்சில் துப்பி அனுப்புகிற பெட்டி ஒன்று அந்த நாட்டில் விற்கிறதாம். எங்கள் நாட்டின் இப்போதைய நிலைமையில் அது தபாலில் இங்கே வரவும் வராது, போகவும் போகாது. அதனால் தாத்தாவைப் பற்றி வேறு அடையாளம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள் என்று தனசேகரன் கேட்டிருந்தார். பதில் வந்த அன்றைக்கு என் மெஷின் பக்கத்தில் நின்றபடியே செல்போனில் படித்துத் தமிழில் சொன்னார்.

"தாத்தா தெனமும் காலையில ஓட்ஸ் கஞ்சிதான் குடிப்பாராம். சக்கரை போட்டா கோவம் வருமாம், உப்பு மட்டும். அதுவும் உக்காந்து குடிக்க மாட்டாராம். கிண்ணத்த சன்னல் திட்டுல வச்சுக்கிட்டு, வெளிய பாத்துக்கிட்டு, நின்னுக்கிட்டேதான் குடிப்பாராம். அவங்க ஊர்ல பழைய ஆளுகளுக்கு அது வழக்கமாம். இதெல்லாம் ஒரு அடையாளமாக்கா? இதையும் பலகையில ஒட்டிடுறேன்."

அவர் போய்விட்டார். என் கால் மெஷின் மிதியின் மேல் அப்படியே இருந்தது. எதிர் வீட்டு முதல் மாடிச் சன்னல் என் சன்னலுக்குப் பத்தடி தூரம். அது ஜெயம்மாவின் வீடு.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு புரட்டாசி அமாவாசை. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அன்றைக்குத்தான் படைப்போம். எல்லார் வீட்டிலும் தரையில் இலை போட்டு, செத்தவருக்குப் பிடித்ததை வைப்பார்கள். ஜெயம்மாவின் அம்மா ரத்தினம்மாளும் தரையில் இலை போட்டார். அதோடு ஒரு பீங்கான் கிண்ணத்தில் நொய்க்கஞ்சி ஊற்றி, கரண்டியும் போட்டு, சன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கும்பிட்டார். நான் இங்கிருந்து பார்த்தேன்.

படையல் என்றால் தரைதான். உயரத்தில் வைத்தால் அது நம் ஆள் இல்லை. பர்மியர்கள் வீட்டு மூலையில் உயரமாகத் தேங்காய் கட்டித் தொங்கவிடுவார்களே, அது நாட் என்கிற ஆவித்தெய்வத்துக்கு. மறுநாள் கோயில் குழாயடியில் நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "ஜெயம்மா வீட்டுல ஏதோ நாட்டுக்குத் தீனி வைக்கிறாங்க." அவ்வளவுதான். மீதியைத் தெரு பார்த்துக்கொண்டது. குழாயடியில் நாட், சந்தைக்குப் போகும்போது அது துர்மரணமடைந்த நாட், விளக்கு பூஜையன்று ராத்திரியில் அது அந்த வீட்டு மாவாட்டும் கல்லில் வந்து உட்காருவதை இரண்டு பேர் கண்ணால் பார்த்திருந்தார்கள். பர்மிய அண்டை வீட்டுக்காரர்கள், நாட்டுக்கு யார் கஞ்சி வைப்பார்கள் என்று சிரித்தார்கள். அது எங்கள் ஆட்கள் காதில் ஏறவில்லை.

அந்த மாவாட்டும் கல்லில்தான் ஜெயம்மாவின் பிழைப்பு இருந்தது. அப்போது எங்கள் தெருமுனையில் இட்லி போட்டுக்கொண்டிருந்தாள். பத்து நாளில் கடைக்கு முன்னால் காக்கா கூட இல்லை. அவள் பேசாமல் அடுப்பையும் குண்டானையும் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம், லைங் தாயா துணி ஆலைகளின் வாசலுக்குப் போய்விட்டாள். அங்கே வியாபாரம் நல்லா ஓடுதாம், அதான் போயிட்டா என்று அதையும் நான்தான் தெருவுக்கு விளக்கிச் சொன்னேன். சன்னலில் கிண்ணம் வைப்பது நின்றுபோனது. ரத்தினம்மாள் இரண்டு புரட்டாசிக்கு வெறும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதற்கடுத்த கார்த்திகையில் செத்துப்போனார்.

மூன்று நாள் நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. என் ஆயுசில் ஒரு சேதியை மூன்று நாள் வைத்திருந்தது அதுதான் முதல் தடவை. நான்காம் நாள் ஸமீரா படியேறி வந்தாள்.

"என்னக்கா, ஒடம்பு சரியில்லயா? மூணு நாளா யாரப் பத்தியும் ஒரு வார்த்த சொல்லல."

சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் என் பக்கம் பார்க்கவில்லை. வெட்டிப் போட்டிருந்த துணித் துண்டு ஒன்றை எடுத்து மடித்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க உம்மா தெனம் காலையில ஜெயம்மாக்கா இட்லிதான் சாப்புடும். ஆவிக்குப் படைச்ச கைன்னு சொல்லி அந்த வாரத்தோட நிறுத்திடுச்சு. நீங்க சொன்னீங்கன்னுதான் நிறுத்துச்சு."

"நான் நாட்டுன்னு மட்டும்தான் சொன்னேன் ஸமீரா."

"அந்த 'மட்டும்'ங்கிறத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க. ஜெயம்மாக்காகிட்ட சொல்லுங்க."

அதற்குள் இரண்டாவது கடிதமும் பலகையில் ஏறிவிட்டது. மறுநாளிலிருந்து தெருவில் ஆளாளுக்குச் சன்னலில் நின்றுகொண்டு கஞ்சி குடித்தார்கள். ரெங்கசாமிக்கு முட்டி வலி, நிற்க முடியாது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குடித்தார். கணேஷ்குமார் என்னிடம் வந்து, பாட்டி நின்றுகொண்டுதான் கஞ்சி குடிக்கும் என்று இப்போது ஞாபகம் வருகிறது, நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றான். வீடியோவில் பேசுவதற்கு ஞாயிற்றுக்கிழமை குறித்திருந்தார்கள். அந்த அம்மாளுக்குத் தேடி அலுத்துவிட்டதாம், இந்தத் தடவை யார் என்று தீர்ந்தால் பட்டியலை எழுதி முடித்துவிடப் போகிறாராம்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் பஸ் பிடித்து லைங் தாயா போனேன். ஆலை வாசலில் வரிசையாக பஸ்கள் நின்று பெண்பிள்ளைகளை உதிர்த்துக்கொண்டிருந்தன. ஜெயம்மாவைச் சுற்றி இருபது பிள்ளைகள். பர்மியத்தில் பேரம், பர்மியத்தில் கேலி. அவள் கை மட்டும் நிற்காமல் தட்டிலிருந்து இட்லியை எடுத்துக்கொண்டிருந்தது. அறுபத்திரண்டு வயது. என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

"பஸ்ஸ விட்டு எறங்கும்போதே பாத்தேன். இட்லி வேணுமா, சேதி வேணுமா?"

"ஜெயம்மாக்கா, அந்தப் பலகையில..."

"படிச்சேன்."

"ரெண்டாவதும் படிச்சீங்களா?"

"ரெண்டாவதும் படிச்சேன். தெருவே சன்னல்ல நின்னுக்கிட்டுக் கஞ்சி குடிக்கிறதையும் பாத்துட்டுத்தான் வர்றேன்."

"அப்ப நீங்க ஏன் போய்ச் சொல்லல?"

ஆலைச் சங்கு ஊதியது. பிள்ளைகள் ஓடின. அவள் கையைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை என் பக்கம் தள்ளினாள். உபசாரம் இல்லை. நின்றால் வழியை மறைத்துக்கொண்டிருப்பேன் என்று.

"சொன்னா என்னாகும். கணேஷ்குமாருக்குப் பின்னாடி வரிசையில நிக்கணும். கஞ்சி வச்சோம்னா, கடுதாசியப் படிச்சிட்டுச் சொல்றான்னு சொல்வீங்க. பாத்தவங்க யாரு? எங்கம்மா போயிடுச்சு. வேற பாத்தது நீ ஒருத்திதான்."

அவள் காலித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

"எங்க ஆயா சொன்னத எங்கம்மா எங்கிட்டச் சொல்லுச்சு. நடந்து போனவங்கள்ல பாதிப்பேரு வழியில செத்தாங்க, உங்க தாத்தாவும் அப்படித்தான்னு. எந்த நாள்னு தெரியாததால அமாவாசைக்கு வச்சாங்க. எங்கம்மா அடையாள அட்டையில அப்பா பேரு எடத்துல தாய்மாமன் பேரு. ஸ்கூல்ல, ஆஸ்பத்திரியில, கல்யாணத்துல, எங்க கேட்டாலும் அந்தப் பொய்யத்தான் சொல்லும். சொல்லிட்டு வீட்டுக்கு வந்து அன்னைக்குச் சாப்பிடாது. அந்த வெள்ளக்காரம்மா எனக்கு ஒண்ணும் அனுப்ப வேணாம். எங்கயும் கூட்டிட்டுப் போக வேணாம். எழுதி வச்சிருக்காங்களே, அந்த வம்சத்துல எங்கம்மா பேரு அதோட அப்பன் பேருக்குக் கீழ ஏறணும். இல்லன்னா கணேஷ்குமாரோட பாட்டி பேரு ஏறும்."

"நான் வந்து சொல்றேன்க்கா. நான் பாத்தேன்னு சொல்றேன். தெரியாம நாட்டுன்னு நெனச்சிட்டேன்னு..."

"தெரியாமயா?" என்றாள். இப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "எங்கம்மா உங்கிட்ட சொல்லுச்சே."

இதுவரை உங்களிடமும் நான் இதைச் சொல்லவில்லை. அந்த அமாவாசையன்று நான் சன்னலில் பார்த்ததோடு நிற்கவில்லை. அளவு ரவிக்கை வாங்குகிற சாக்கில் எதிர் வீட்டுக்குப் போய், "இது என்னம்மா, மேல வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். ரத்தினம்மாள் ஒளிக்கவே இல்லை. "எங்கப்பாவுக்கு. உப்புக் கஞ்சி. அவரு உக்காந்து குடிக்க மாட்டாராம், நின்னுக்கிட்டேதான்னு எங்கம்மா சொல்லும்" என்றார். சொல்லும்போது சின்னப் பெண் மாதிரி சிரித்தார். அதைக் கேட்டுக்கொண்டு, தலையாட்டிவிட்டு, மறுநாள் குழாயடிக்குப் போய்த்தான் நாட் என்று சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம நான் வர்றேன்" என்றாள் ஜெயம்மா. "எதுவும் பேச மாட்டேன். நீ பேசு. முழுசாப் பேசு."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கரண்ட் இல்லை. கோயில் மண்டபத்தில் ஜெனரேட்டர் போட்டு, தனசேகரன் கம்ப்யூட்டரை டிவியோடு மாட்டியிருந்தார். தெருவே வந்திருந்தது. கணேஷ்குமார் முன் வரிசையில், சலவைச் சட்டையில். ஜெயம்மா தூணோரம் கடைசியில். திரையில் மோராக் அம்மாள் வந்தார். வெட்டின வெள்ளை முடி, கண்ணாடி, கம்பளிச் சட்டை. நான் அவர் முகத்தையும் ஜெயம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு ஒற்றுமையும் இல்லை. இரண்டு பேரும் கண்ணாடி போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

கணேஷ்குமார் பாட்டியின் பூனைக்கண்ணையும் முப்பத்தெட்டையும் கஞ்சியையும் ஒப்பித்தான். மோராக் அம்மாள் குறித்துக்கொண்டார். அவன் முடித்ததும் நான் எழுந்து தனசேகரனைப் பார்த்தேன்.

"தம்பி, இவன் பாட்டிக்கு முப்பத்தெட்டுன்னு சொல்லிக் குடுத்தது நான்தான்னு அந்தம்மாகிட்ட சொல்லு."

"அத்தை, நீங்கதானே..." என்று திரும்பினான் கணேஷ்குமார்.

"நான்தான். உக்காரு."

பிறகு சொன்னேன். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், இந்தக் கஞ்சிக் கதை பலகையில் ஏறுவதற்கு எவ்வளவோ முன்னால், ஜெயம்மாவின் அம்மா சன்னல் திட்டில் உப்புக் கஞ்சி வைத்ததை. யாருக்கு என்று நான் கேட்டதை. அவர் சொன்ன பதிலை, வார்த்தை மாறாமல். "நாட்டுக்குத் தீனி வைக்கிறாங்கன்னு ஒரு பேச்சு இருந்துச்சே, உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்" என்றேன். பல தலைகள் குனிந்தன. ஞாபகம் இருந்தது.

தனசேகரன் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் கை வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு ஏதோ கேட்டார்.

"அப்பறம் ஏன் வைக்கிறத நிறுத்திட்டாங்கன்னு கேக்குறாங்க அக்கா."

அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் போயிருந்தேன்.

"நான் பொய் சொன்னேன். அவங்க அப்பாவுக்குன்னு தெரிஞ்சும் ஆவிக்குன்னு ஊரெல்லாம் சொன்னேன். அவங்க பொழப்பு போச்சு. அதனால நிறுத்திட்டாங்க."

தனசேகரன் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு ஆங்கிலம் பேச வராது. ஆனால் கேட்கத் தெரியும், கேட்பதுதானே என் தொழில். அக்கம்பக்கத்தில் சின்னக் குழப்பம் ஆகிவிட்டது என்கிற மாதிரி ஏதோ சொன்னார். எங்கள் தெருவின் மானத்தைக் காப்பாற்றுகிறாராம்.

"அப்படி இல்ல தம்பி. நான் சொன்னதச் சொல்லு."

"அக்கா, வெளியாளுங்க முன்னாடி எதுக்கு..."

"அவங்க வெளியாளா? ஜெயம்மாக்காவுக்குச் சொந்தம். பொய்னு சொல்லு. சாந்தகுமாரி பொய் சொன்னான்னு பேரோட சொல்லு."

சொன்னார். என் பெயர் அந்த ஆங்கிலத்துக்கு நடுவில் கல் மாதிரி விழுந்தது. அப்போது தூணோரத்திலிருந்து ஜெயம்மாவின் குரல் வந்தது. பேச மாட்டேன் என்றவள்.

"ஏன்னும் சொல்லச் சொல்லு."

ஏன். அதற்கு ஒரு பெரிய காரணம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"அந்த ஆவணியில ஜெயம்மாக்காவுக்கு ஒரு ரவிக்கை தைச்சுக் குடுத்தேன். கை இறுக்கமாயிடுச்சு. நாலு பேரு முன்னாடி, 'இத என் கைக்குத் தைச்சியா, உன் வெரலுக்குத் தைச்சியா'ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்காகத்தான்."

தனசேகரன் தூணோரம் திரும்பிப் பார்த்தார்.

"இதையும் சொல்லணுமாக்கா?" என்றார் தனசேகரன் மெதுவாக.

"சொல்லு" என்றாள் ஜெயம்மா.

ரவிக்கைக்கு ஆங்கிலத்தில் அவர் கொஞ்சம் தடுமாறினார். கையைக் காட்டி விளக்கினார். மோராக் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. தாத்தாவுக்கு அங்கே மூன்று பிள்ளைகள், பதினோரு பேரப்பிள்ளைகள். அந்த வீட்டில் ஒருநாளும் இந்த மகளைப் பற்றி ஒரு வார்த்தை அவர் பேசியதில்லை. பர்மாவைப் பற்றிக் கேட்டால் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார், அதனால் யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருந்ததற்கு எங்கள் வீட்டில் மரியாதை என்று பெயர், இப்போது வெட்கமாக இருக்கிறது என்றார். பிறகு ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். ஹ்யூ ரேங்கின் இறந்தது 1979, ஜூலை இருபத்தாறு. வீட்டில், படுக்கையில், எண்பது வயதில்.

ஜெயம்மா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து முன்னால் வந்தாள்.

"எழுவத்தொன்பதா? நாப்பத்திமூணுல இருந்து படைக்கிறாங்க. முப்பத்தாறு வருசம் உசிரோட இருந்த ஆளுக்கா படைச்சாங்க?"

உயிரோடு இருக்கிறவருக்குப் படைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். ஜெயம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் எம்பது வயசு வரைக்கும் இருந்திருக்காரு" என்றாள். "எங்கம்மா கஞ்சி."

தனசேகரன் அதை மொழிபெயர்த்ததும் அந்தப் பக்கம் மோராக் அம்மாள் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். ஜெயம்மா இரண்டும் செய்யவில்லை. அம்மாவின் பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம், மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மோராக் அம்மாள் எழுத்து எழுத்தாகக் கேட்டுத் தட்டி, அந்தப் பட்டியலையே திரையில் காட்டினார். மேலே ஏழு தலைமுறை, கீழே கிளை கிளையாக நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று போனவர்கள். ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம்.

ஜெயம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது.

"எங்கம்மா பேரு எது தம்பி?"

"இதுக்கா. ரத்தினம்மாள்."

"அப்பன் பேரு?"

"அதுக்கு நேர் மேல."

"நடுவுல கோடு இருக்கா? ஒட்டியிருக்கா?"

"ஒட்டியிருக்குக்கா."

அவள் திரைக்குப் பக்கத்தில் போய் அந்தக் கோட்டை ஒரு விரலால் மேலிருந்து கீழே தடவினாள். பிறகு யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஐயர் பஞ்சாங்கம் பார்த்து ஜூலை இருபத்தாறுக்குத் திதி கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஆடியில் வந்தது. ஜெயம்மாவின் கடையைத் தெருமுனைக்கே திரும்பக் கொண்டுவந்துவிடச் சொல்லித் தெருவே போய்க் கேட்டது. அங்க பிள்ளைங்க யாரு கைன்னு கேக்காம சாப்பிடுதுங்க என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஆனால் திதிக்கு வீடு வீடாகப் போய் அழைத்தாள். ரெங்கசாமி வீட்டுக்குப் போனாள், கணேஷ்குமார் வீட்டுக்குக்கூடப் போனாள். ஸமீரா கடையில் நின்று ஐந்து நிமிஷம் பேசினாள். என் மாடிப்படியைத் தாண்டி நடந்துபோன செருப்புச் சத்தத்தை மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அது நிற்கவில்லை.

திதியன்று சன்னலைச் சாத்தி வைத்தேன். பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. கரண்டும் இல்லாமல் புழுங்கிச் சாகாத குறைதான். மத்தியானம் எதிர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஸமீரா நேராக மேலே வந்தாள். வெளிநாட்டு அம்மாள் போனில் வந்தார்களா, கிண்ணத்தை எங்கே வைத்தார்கள், ஜெயம்மா என்ன சேலை, யார் யார் அழுதார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கினாள்.

வேண்டாம், சொல்லாதே என்று சொல்லியிருக்க வேண்டும். முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்துக் கேட்டேன்.